கிள்ளான் கடைத்தெருவில் பாடிய பெட்டி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் மரியநாயகம் கங்காணியின் வாக்கு என்றால் சிலிப்பர் கட்டையில் இறங்கிய ஆணி மாதிரி. பிடுங்க வேண்டுமானால் கட்டையையும் பிளந்துகொண்டுதான் வரும். ரயில்பாதை பழுதுபார்க்கும் கும்பல் ஒன்று அவர் கைக்குக் கீழே இருந்தது. கோயிலில் அவர்தான் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக அவர் பூசைக்கு நடந்தால், வாசலில் பல் குத்திக்கொண்டு நிற்கிறவன்கூடக் குச்சியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்துகொள்வான். ஒரு குடும்பம் கட்டிக் காத்த பேருக்கு ஊர் கொடுத்த மரியாதை அது.

அந்தப் பேர் ஒரு பெட்டியில் இருந்தது. காட்டை வெட்டிக் கிள்ளானுக்குப் பாதை போட்ட காலத்தில், காய்ச்சலில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தபோது, மரியநாயகத்தின் தகப்பனார், பிழைத்தால் மாதாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி தருவதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தார். பாண்டிச்சேரியிலிருந்து கப்பலில் ஒரு கை ஆர்மோனியம் வந்து கோயிலில் ஏறியது. முகப்பில் அவர் பேரைச் செதுக்கியிருந்தது.

தபசுகாலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், அந்தக் கோயிலில் பெட்டி வாசிப்பதில்லை. ஆண்டவர் பாடுபட்ட நாட்களில் பாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை? அதனால் தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின சாயங்காலம் சாமியாரும் சபையும் சேர்ந்து அதை மரியநாயகத்தின் வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஊதாத் துணியால் அதை மூடிச் சுற்றிலும் தைப்பது வீட்டுக்காரியின் வேலை. மரியநாயகத்தின் மனைவி கெர்ட்ரூட்டின் தையல் எறும்பு வரிசைபோல் நெருக்கமாக இருக்கும். தைத்து முடித்ததும் குடும்பத் தலைவன் துணிமேல் கை வைத்து, எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்: “அல்லேலூயா வரைக்கும் இது வாய் திறக்காது. அதற்கு என் தலை ஜவாப்.” தகப்பனார் சொன்ன வார்த்தை. அவருக்குப்பின் மரியநாயகம் சொன்னார். சொன்னபடியே இருந்தது.

திரு இருதயப் படத்துக்குக் கீழே அந்த ஊதா மூட்டை இருக்கும். தினமும் செபமாலை முடிந்ததும் மரியநாயகம் முழங்காலில் நின்றபடியே அதைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தகப்பனாரைத் தொடுவதுபோல.

அவருக்குப் பிள்ளை இல்லை. தம்பி இருதயம்தான் பிள்ளை. தம்பியைப் பெற்றபோதே தாய் போய்விட்டாள். கெர்ட்ரூட்தான் சங்கில் பால் புகட்டி வளர்த்தாள். கோயிலில் பெட்டி வாசிக்கிறவனும் அவனே. காணிக்கைப் பாட்டு முடிந்ததும் வலது கை மேலே ஏறி, ஏதோ மறந்துபோனதை எடுக்கப்போவதுபோலத் தயங்கி, சட்டென்று சரிந்து இறங்கும் ஒரு சின்ன வாசிப்பு வைத்திருந்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அவனுக்கே வந்தது. அதைக் கேட்கும்போது மட்டும் மரியநாயகத்தின் மீசை கொஞ்சம் அசையும்.

அது ரப்பர் விலை விழுந்த காலம். தோட்டங்களில் ஆளைக் கழித்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிள்ளான் பக்கமெல்லாம் மூட்டைமுடிச்சோடு சனங்கள் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் வேதக்காரப் பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமைதோறும் போகட்டுமா என்று தபசுகாலத் தொடக்கத்தில் இருதயம் கேட்டான். மரியநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கும்பலில் இருந்தவர்களிடம்கூட, கேட்காமலே, “தம்பி கிள்ளானுக்கு உபதேசத்துக்குப் போறான்” என்று சொன்னார். அவர் வாயிலிருந்து தற்பெருமையாக வந்த பேச்சு அது ஒன்றுதான்.

நாலாம் சனிக்கிழமை கிள்ளானில் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் சாவு. மரியநாயகம் துக்கம் கேட்கப் போனார். கேட்டுவிட்டுத் திரும்புகையில், அப்படியே தம்பி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். முன்னால் போய் நிற்கக் கூடாது, பையன் கூச்சப்படுவான்; தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கடைத்தெருத் திருப்பத்தில் அவரை ஒரு சத்தம் நிறுத்தியது.

டோலக் முதலில் கேட்டது. பிறகு ஜால்ரா, கிளாரினெட், அதற்குமேல் ஒரு பெண்ணின் குரல். வயதான குரல்தான், ஆனால் தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறவனையும் சட்டையைப் பிடித்து இழுக்கிற குரல். அரிசிக் கடைக்கு முன்னால் சனம் வட்டம் கட்டி நின்றது. சீனக் கடைக்காரர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். லோரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு அதன் கூரைமேல் ஏறி நின்றான்.

மரியநாயகம் தெருக்கூத்துக்கு நிற்கிறவரல்ல. அதுவும் தபசுகாலத்தில், துக்கம் கேட்டு வருகிற வழியில். ஆனால் சனம் வழியை அடைத்திருந்தது. நின்றார். நின்ற இடத்திலிருந்து அந்தப் பெண் தெரிந்தாள். கண்ணில் மை, தலையில் வாடாத பூ, காலில் சலங்கை. ஐம்பது வயதுக்குக் குறையாது. பக்கத்தில் நின்ற கச்சான் கடலை விற்கிறவனே கேளாமல் விவரம் சொன்னான். அவள் பேர் தங்கமணி. ஊரிலிருந்து வந்த நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டினவள். கம்பெனி முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட, ஆட்டக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். டோலக் அடிக்கிற அய்யாவு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மற்றவர்களும் அப்படி அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள். கப்பலுக்குப் போகிற சனத்துக்காகப் பாடுகிறார்களாம்.

தங்கமணி கையை வீசிப் பாடினாள்.

பால் மரத்தில் பால் சுரக்குது, வாங்க ஆளில்லே,
பாதி நாளு வேலையின்னா சோத்துக்கு வழியில்லே,
கப்பலேறி வந்த சனம் கப்பலேறுது, எங்க
கங்காணியார் தொந்தி மட்டும் கரையக் காணல்லே!

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மூட்டைமேல் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத்துப் பெண், நாளைக்குக் கப்பலேறுகிறவள் போலிருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அய்யாவு டோலக்கைக் கழுத்தோடு சுற்றி ஒரு அடி அடித்து, சீனக் கிழவர் ஒருவரின் முக்காலிமேல் தாளம் தட்டி, மறுபடி டோலக்குக்கே வந்தான். கிழவர் கை தட்டினார்.

தங்கமணியின் கண் வட்டத்தைச் சுற்றி வந்து வெள்ளைத் தலைப்பாகையில் நின்றது.

“கோட்டுப் போட்ட பெரியவரே, கோச்சுக்காதீங்க,” என்றாள். “உங்க தொந்திய நான் சொல்லல. உங்களுக்குத்தான் அதுவே இல்லையே. முகத்தப் பாத்தா பெரிய வெள்ளிக்கிழமை, காலப் பாத்தா கலியாண வீடா இருக்கே.”

எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வலது பூட்ஸ் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் அந்த இடத்தைவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு என்ன வந்ததோ, சிரித்துவிட்டார். நல்ல சாரீரம், நல்ல தாளக்கட்டு, இந்தத் திறமைக்கு இவர்கள் தெருவில் நிற்க வேண்டியதில்லை என்று மனத்துக்குள் நியாயமாகவே நினைத்தார். சாமியாரிடம் சொல்லி, ஈஸ்டர் கழிந்து கோயில் விருந்துக்கு இவர்களை அழைக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

பாட்டு ஒரு அடி முடிந்து அடுத்த அடிக்குத் திரும்பியது. இரண்டுக்கும் நடுவே இதுவரை பின்னால் அடங்கியிருந்த ஆர்மோனியம் தனியாக எழுந்தது. வலது கை மேலே ஏறி, எதையோ மறந்ததுபோலத் தயங்கி, சட்டென்று சரிந்து இறங்கியது.

மரியநாயகத்தின் கால் நின்றது.

“யாரு அது, பெட்டி வாசிக்கிறது?” என்று கச்சான்காரனைக் கேட்டார்.

“அதுவா? பிரிக்பீல்ட்ஸ்காரரு லா. சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு. அவரு பெட்டியோட வந்தப்புறம்தான் இதுக்கு உசுரே வந்திச்சி. முன்ன வெறும் கொட்டுதான். பெட்டிய இங்கேயே தங்கமணியக்கா வீட்டுல வச்சிட்டுப் போயிருவாரு. தங்கமான மனுசன்.”

சனம் கொஞ்சம் விலகியது. தரையில் விரித்த சாக்கின்மேல் சப்பணமிட்டு இருதயம் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கை மடித்திருந்தது. வியர்வை வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவன் அண்ணன் பார்த்ததில்லை. முன்னால் இருந்த பெட்டியின் முகப்பில், பேர் செதுக்கியிருக்க வேண்டிய இடத்தில், பூப்போட்ட துண்டு ஒன்று தொங்கியது.

கடைத்தெருவில் குடும்பத்தின் பேரைக் கூவுவது மானமுள்ளவன் செய்கிற காரியமல்ல. மரியநாயகம் சத்தமில்லாமல் பின்வாங்கி, ஸ்டேஷனுக்கு நடந்து, வந்த ரயிலில் ஏறினார்.

வழியெல்லாம் அவர் தம்பிக்காக வாதாடினார். தெருவில் வாசித்தது தப்பு, உபதேசம் என்று பொய் சொன்னது அதைவிடத் தப்பு. அதற்குத் தண்டனை உண்டு. ஆனால் அந்தப் பெட்டி வேறாக இருக்கும். ஒரே மாதிரிப் பெட்டி உலகத்தில் எத்தனை இல்லை! நம் பெட்டி வீட்டில் இருக்கிறது. காலையில்கூடப் பார்த்தோம். நேற்றுச் செபமாலைக்குப் பிறகு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். என் தம்பி பொய் சொல்லியிருக்கலாம், அப்பாவைத் திருடியிருக்க மாட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே படத்தின் கீழே பார்த்தார். ஊதா மூட்டை இருந்தது. போன மூச்சு திரும்பி வந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் மெல்லத் தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது. ஒரு நொடி, தம்பியைச் சந்தேகப்பட்டதற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது. கீழே வைக்கும்போது விரல்கள் பின்பக்கம் பட்டன. அங்கே துருத்தி இருக்க வேண்டும். துணிக்குமேல் அழுத்தினால் தோல் மடிப்பு கொஞ்சம் உள்வாங்கும். உள்வாங்கவில்லை. பலகை.

பேனாக் கத்தியை எடுத்து ஓரத் தையலை அறுத்தார். டின் பால் வந்த பலகைப் பெட்டி. மாட்டின் படம் போட்ட தாள்கூட உரிக்கவில்லை. உள்ளே கனத்துக்காக இரண்டு செங்கல். ஆடாமல் இருக்கப் பழந்துணி திணித்திருந்தது. கனம்கூடத் தெரிந்துவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இத்தனை நாளும் அவர் மண்டியிட்டதும், தொட்டதும், கண்ணில் ஒற்றிக்கொண்டதும் இதைத்தான்.

அறுத்த துணியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது. தையல் எறும்பு வரிசைபோல் நெருக்கமாக இருந்தது. அந்த வீட்டில் அப்படித் தைக்க ஒருத்திக்குத்தான் தெரியும்.

கெர்ட்ரூட் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கழுவின அரிசி. பால் டின் பெட்டியைப் பார்த்து அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

“நீயா தச்ச?” என்றார்.

“நான்தாங்க.”

அவள் அழவுமில்லை, மறைக்கவுமில்லை. தபசு தொடங்கின முதல் வாரமே, அவர் வேலைக்குப் போயிருந்தபோது, இருதயம் வந்து கெஞ்சினானாம். கப்பலுக்குக் காத்திருக்கிற சனங்கள் சாவு வீடுபோல உட்கார்ந்திருக்கிறார்களாம், அந்தப் பாட்டுக்காரர்கள் பாடும்போது மட்டும் தலை நிமிர்கிறார்களாம், ஒரு பெட்டி இருந்தால் போதுமாம். பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லையாம். உங்களுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோகும் என்றுதான் இப்படிச் செய்தோம் என்றாள்.

மரியநாயகம் நாற்காலியை வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் இருதயம் வந்தான். நடுவீட்டில் பிரிந்து கிடந்த பலகைப் பெட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றின இடத்திலேயே நின்றுவிட்டான்.

“பொண்ணு விவகாரமா?” என்றார் அண்ணன்.

“என்னண்ணே பேசுறீங்க? தங்கமணியக்காவுக்கு அண்ணிய விட வயசு சாஸ்தி.”

“அப்ப என்னதான் உனக்கு அங்க?”

இருதயம் சொல்லத் தெரியாமல் தவித்தான். கோயிலில் வாசிக்கும்போது எல்லாரும் பீடத்தைப் பார்க்கிறார்கள், அங்கே சனங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க முடிகிறது என்றான். ஒரு கிழவன் ஊருக்குப் போகப் பயந்து சாப்பிடாமல் கிடந்தவன், பாட்டைக் கேட்டு எழுந்து சோறு தின்றான் என்றான். மரியநாயகத்துக்கு அதெல்லாம் காதில் விழுந்தது. ஏதாவது ஒரு பெரிய பாவமாக இருந்திருந்தால் அவர் அதோடு மல்லுக்கட்டியிருப்பார். இதை எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை.

“என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

“விடமாட்டேன்னு தெரிஞ்சி எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு, தம்பி. கேட்டிருந்தா நான் உன்ன ஏசியிருப்பேன். அவ்வளவுதான். இப்ப ஊருக்கு முன்னால என் தலைய அடமானம் வச்சிட்டு, என்னைப் பால் டின்னுக்கு முட்டிபோட வச்சிட்டீங்க, ரெண்டு பேருமா. தினமும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே. சிரிப்பு வரல?”

இருதயம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

மரியநாயகம் தீர்ப்பைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்தாக வேண்டும். வந்த கையோடு இருதயம் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முணுமுணுத்துவிட்டு வரக் கூடாது. அங்கே சொன்னது சாமியாரோடு போய்விடும். அவர் வீட்டு வாசலில் நின்று, நேருக்கு நேர் சொல்ல வேண்டும். சாமியார் என்ன தண்டனை கொடுத்தாலும் குடும்பம் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். “தப்பு யாரு வீட்டுலதான் இல்ல? சொல்லிட்டா அது தப்பு. மறைச்சா அது குணம்,” என்றார். இருதயம் தலையாட்டினான். அவனைப் போகச் சொல்லி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெர்ட்ரூட் பொறுப்பேற்றாள்.

சொன்ன சனிக்கிழமை பெட்டி வந்தது. துருத்தியில் தெருப்புழுதி. மரியநாயகம் தன் கையாலேயே துடைத்தார். கெர்ட்ரூட் மறுபடி ஊதாத் துணியைச் சுற்றித் தைத்தாள். இந்த முறை அவர் எதிரே உட்கார்ந்து கடைசித் தையல்வரை பார்த்தார். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் இருதயம் வெளியே போய்த் திரும்பினான்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேண்ணே.”

“சாமி என்ன சொன்னாரு?”

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், பெரிய சனிக்கிழமை நீயே வந்து வாசின்னாரு.”

மரியநாயகம் அதை நம்பினார். சாமியாரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. தம்பி சொன்னதைத் தெருவில் போய்ச் சரிபார்க்கிறவன் தம்பியை அவமானப்படுத்துகிறான். அத்தனை நடந்த பிறகும் அவர் அந்த அவமானத்தைத் தம்பிக்குக் கொடுக்க விரும்பவில்லை. சாமியார் பெரிய மனசு பண்ணிவிட்டார் என்று நினைத்து, அந்த வாரம் முழுக்க அவருக்காக ஒரு செபமாலை கூடுதலாகச் சொன்னார். தம்பியோடும் இரண்டொரு வார்த்தை பேசத் தொடங்கினார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை விடியற்காலையில் பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். சாமியார் கத்தரியால் தையலை வெட்டினார். குளோரியா என்று அவர் பாட்டை எடுத்ததும் மணிகள் எல்லாம் ஒருசேர அடித்தன. தபசுக்கு மூடியிருந்த சிலைகளின் திரைகள் விழுந்தன. பெட்டி வாய் திறந்தது. சபை எழுந்து பாடியது. மரியநாயகமும் பாடினார். எல்லாம் கழுவித் துடைத்தாகிவிட்டது என்று இருந்தது அவருக்கு.

பூசை முடிவில் சாமியார் சபையின் பக்கம் திரும்பினார். பிரெஞ்சுக்காரர், பதினெட்டு வருஷமாகத் தமிழை ஏட்டுப் பாஷையாகவே பேசுகிறவர்.

“பிரியமானவர்களே,” என்றார், “ஒரு குடும்பத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நாற்பது நாளும் இந்த வாத்தியம் மௌனமாய் இருந்தது. தகப்பன் கொடுத்த வாக்கை மகன் காத்தார். இந்தக் கெட்ட காலத்திலே, வாக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அறிய விரும்புகிறவன் மரியநாயகம் மூப்பரைப் பார்க்கட்டும்.”

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் கும்பிட்டார்.

சாமியாருக்கு ஒன்றும் தெரியாது. இருதயம் சொல்லவே இல்லை.

மரியநாயகம் தம்பியைப் பார்த்தார். இருதயம் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தான். பெண்கள் பக்கம் பார்த்தார். கெர்ட்ரூட்டின் முக்காடு மூக்குவரை இறங்கியிருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தால் குடும்பத்தின் பேர் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் அது பால் டின் பெட்டிக்குமேல் ஊதாத் துணி போர்த்தின பேர். மரியநாயகம் எழுந்தார்.

“சாமி பொறுக்கணும். சபையும் பொறுக்கணும். பெட்டி நாப்பது நாளும் வாய் மூடி இருக்கல. கிள்ளான் கடைத்தெருவில பாடிச்சி. என் கண்ணால பாத்தேன். காவல் என்னுது. ஜவாப் சொன்னது என் தலை. அதனால நான் சொல்றேன்.”

தம்பியின் பேரை அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்காரவுமில்லை. நின்றார். கோயிலில் இருந்தவர்கள் அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார், தம்பிக்காகத்தான் நின்றார். “நான்தான் எடுத்தேன்” என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லிக்கொண்டு அவன் எழுந்தால் போதும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நிற்கலாம். அந்த நேரத்திலும் அவன் எழுவான் என்றுதான் அவர் நினைத்தார்.

எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. இருதயம் எழவில்லை. கெர்ட்ரூட் எழவில்லை.

“இந்தக் காவல் இனி எங்க வீட்டுக்கு வேணாம், சாமி. நல்ல வீடாப் பாத்துக் குடுங்க,” என்று சொல்லி மரியநாயகம் உட்கார்ந்தார்.

சாமியார் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். இருதயம் கடைசிப் பாட்டைத் தொடங்கினான். அன்றைக்கு வாசித்ததுபோல் அவன் அதற்குமுன் வாசித்ததே இல்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். மரியநாயகத்தின் காதுபட யாரும் சொல்லவில்லை. பாட்டு முடியுமுன்னே அவர் நடுப்பாதையில் நேராக நடந்து வெளியே வந்துவிட்டார். வாசலில் நின்றவர்கள் வழக்கம்போல விலகி வழிவிட்டார்கள். அது மரியாதையா இரக்கமா என்று இனி அவருக்குத் தெரியப்போவதில்லை.

மத்தியானம் இருதயம் சாப்பிட வரவில்லை. கிள்ளானுக்குப் போயிருப்பான் என்று கெர்ட்ரூட் சொன்னாள். கறி சமைத்திருந்தாள், தபசு முடிந்து வருகிற முதல் கறி. தட்டை வைத்தாள். சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்தவள் போடாமல் நின்றாள்.

“அவன் சாமி வீடு வரைக்கும் போனாங்க. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டான். பயம். என்கிட்ட வந்து அழுதான்.”

“அப்பவே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.” தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீங்க இன்னிக்கு எழும்பாம இருந்திருக்கலாங்க. யாருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள்.

மரியநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“இருதயத்துக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்காரிக்குத் தெரியும், கச்சான் விக்கிறவனுக்குத் தெரியும், கிள்ளான் பாசார்ல பாதிப் பேருக்குத் தெரியும். இந்த வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னா, எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். இல்லியா?”

கெர்ட்ரூட்டின் கரண்டியிலிருந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. மரியநாயகம் கையை நீட்டிக் கரண்டியை அவளிடமிருந்து வாங்கினார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொண்டு, பானையை மூடினார்.